கொள்ளுத் தாத்தாவின் ஒன்றரை ஏக்கர்

கடந்த டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் தமிழ்நாட்டில் இருந்தோம். தாத்தா, அப்பா, அம்மா, தம்பி, நான். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம், அங்கிருந்து வாடகை வேன். தாத்தாவுக்கு 78 வயது, கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தன் அப்பா பிறந்த ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தஞ்சைப் பெரிய கோயில், காரைக்குடி வீடுகள் எல்லாம் எங்களுக்காக அப்பா சேர்த்துக்கொண்டவை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் வழிகாட்டி ஒருவர், ராஜேந்திர சோழன் கடாரம் வென்ற கதையைச் சொன்னார். "கடாரம்னா எங்க கெடாதான். ராஜா சண்டை போடப் போனாரு, எங்க கொள்ளுத் தாத்தா பால்மரம் வெட்டப் போனாரு" என்றான் தம்பி. தாத்தா ரொம்ப நேரம் சிரித்தார்.

கொள்ளுத் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியது 1937-இல். மறு ஆண்டே இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. 1955-இல் ஒரு முறை 'ரஜூலா' கப்பலில் ஊருக்குப் போய் வந்தார். 1971-இல் இறந்தார். அதன் பிறகு கடிதப் போக்குவரத்து நின்றுபோனது. எங்களிடம் மிஞ்சியது ஒரு பழைய கடித உறை மட்டும். அதில் 'அறந்தாங்கி, தஞ்சாவூர் ஜில்லா' என்று இருந்தது.

நான் தஞ்சாவூர் மாவட்ட வரைபடத்தில் இரண்டு இரவு தேடி, அப்படி ஓர் ஊரே இல்லை என்று வீட்டில் அறிவித்தும்விட்டேன். 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது அறந்தாங்கி அதில் சேர்ந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்களும் இப்படித் தேடுவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள். நாகப்பட்டினம் 1991-இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்தது, நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. தாத்தா பாட்டி சொல்லும் மாவட்டத்தில் இன்று அந்த ஊர் இருக்காது.

கிராமத்துத் தேநீர்க் கடையில் விசாரித்ததும், "மலேயாக்காரர் வீடா?" என்று கேட்டு வழி காட்டினார்கள். ஊரை விட்டுப் போனவரின் பெயரில்தான் அந்த வீடு இன்னமும் அறியப்படுகிறது. அங்கே இருந்தவர் கொள்ளுத் தாத்தாவுடைய தம்பியின் மகன், எனக்குச் சின்னத் தாத்தா முறை. "அண்ணே" என்று தாத்தாவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. சின்னப் பாட்டி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். திருச்சி ஹோட்டலில் நான் அதே சொல்லைச் சொன்னபோது பரிமாறியவர் சிரித்திருந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனாலும் ஏதோ ஒரு தயக்கம் தெரிந்தது. "எத்தனை நாள் இருப்பீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மூன்றாம் நாள் காலை சித்தப்பா கைப்பேசியைத் தாத்தாவிடம் நீட்டினார். இணையத்தில் எடுத்த பட்டா அது. கொள்ளுத் தாத்தாவின் பெயரும் அவர் தம்பியின் பெயரும் கூட்டாக இருந்தன. மானாவாரி நிலம், ஒன்றரை ஏக்கர்.

"பெரியப்பா பேரு இருக்கறதால பாகம் பிரிக்க முடியல, கடன் வாங்க முடியல" என்றார் சின்னத் தாத்தா, தரையைப் பார்த்துக்கொண்டே. நாங்கள் பங்கு கேட்டு வந்திருக்கிறோம் என்று மூன்று நாளாகப் பயந்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் கணத்தில் நானும் மனத்துக்குள் ரிங்கிட்டில் கணக்குப் போட்டேன்.

தாத்தா பதில் பேசாமல் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கண்மாய்க் கரையோடு நடந்து போனோம். பாதி இடத்தில் தைலமரம், மீதியில் சீமைக்கருவேலம். ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "எனக்கு ஒன்பது வயசு வரைக்கும் காலுக்குச் செருப்பு கிடையாது. அப்பா சம்பளம் வாங்கினா முதல்ல ஊருக்குத்தான் மணியார்டர்" என்றார். அடமானத்தில் இருந்த நிலத்தை மீட்க அனுப்பிய பணம். "அதுலதான் மீட்டோம், அண்ணே. எங்க அப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு" என்றார் சின்னத் தாத்தா.

அன்று இரவு எங்களுக்குள் வாக்குவாதம். அவசரப்பட வேண்டாம் என்றார் அப்பா. உழைத்துப் பிழைத்தவர்கள் அவர்கள்தானே என்றார் அம்மா. எனக்கு வேறொரு சங்கடம். இந்த நாட்டில் கொள்ளுத் தாத்தாவின் பெயர் எழுதியிருக்கும் ஒரே காகிதம் அந்தப் பட்டாதான். அதிலிருந்தும் எடுத்துவிட்டால்? தாத்தாவிடம் கேட்டேன். "பேரு காகிதத்துல இருந்து என்ன பண்றது? வெள்ளாமை வைக்க முடியலயே" என்றார்.

மறுநாள் அறந்தாங்கியில் பத்திரம் எழுதுபவரிடம் போனோம். தாத்தா கையெழுத்துப் போடத் தயாராகத்தான் போனார். ஆனால் பத்திரக்காரர் ஒரு பட்டியல் கொடுத்தார்: கொள்ளுத் தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுகள் யார் யார் என்பதற்கான சான்று, தாத்தாவுடைய அக்காவின் சம்மதம். ஒன்றுமே முடியாமல்தான் ஊர் திரும்பினோம். புறப்படும்போது சித்தப்பா என் கைப்பேசி எண்ணை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டார்.

இப்போது அந்த வேலை என் பொறுப்பு. தேசியப் பதிவுத் துறை தந்த இறப்புச் சான்றிதழில், கொள்ளுத் தாத்தாவின் பெயரைத் தோட்டத்துக் கிராணி எழுதிய ஆங்கில எழுத்துப்படியே போட்டிருக்கிறார்கள். 'அன்' என்று முடிய வேண்டிய பெயர் 'என்' என்று முடிகிறது. பட்டாவில் இருப்பவரும் இவரும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். யார் எழுதித் தருவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கூலிமில் இருக்கும் அத்தைப்பாட்டிக்கு வயது 81. கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. "நான் செருப்பில்லாம நடந்த காசு அது. நிலத்தைக் கண்ணால பார்த்துட்டுத்தான் போடுவேன்" என்கிறார். அவருக்குக் கடப்பிதழ் எடுக்க அடுத்த வாரம் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகிறோம்.