மேல் வீட்டுத் தண்ணீர்... கீழ் வீட்டுக் கண்ணீர்!



மலையில் வீடு என்றதும் எல்லாருக்கும் பனியும், தைலமர வாசனையும், ஜன்னலைத் திறந்தால் தெரியும் தேயிலைத் தோட்டமும்தான் ஞாபகம் வரும். ஈரோட்டில் இருந்து லீவுக்கு வரும் என் நாத்தனார்கூட, "கொடுத்து வச்சவங்க அண்ணி நீங்க!" என்றுதான் சொல்லுவாள். வாஸ்தவம்தான். ஆனால் மலைச்சரிவில் நாலு பேரோடு சேர்ந்து குடியிருப்பதில், யாரும் சொல்லித் தராத சங்கதி ஒன்று இருக்கிறது. அதை நம் தோழிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

குன்னூர் பக்கம் ஒரு சரிவில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. மொத்தம் 34 வீடுகள். படிக்கட்டு மாதிரி ஐந்து அடுக்காக மலையை வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். மேல் அடுக்குக்காரர்கள் வாசலில் நின்றால் கீழ் அடுக்கு வீட்டின் மொட்டை மாடி தெரியும். எங்கள் வீடு நடுவில், மூன்றாவது அடுக்கில். கல்யாணமாகி இங்கே வந்து பதினாலு வருடம் ஆகிறது.

வீட்டுக்காரர்கள் எல்லாம் சேர்ந்து நலச்சங்கம் வைத்திருக்கிறோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம் பதிவு செய்யலாம். எங்களுடையதும் பதிவு செய்ததுதான். மாதச் சந்தா ரூ.400. காவல்காரர் சம்பளம், தண்ணீர் மோட்டார், உள்ரோட்டு விளக்கு, சாக்கடை தூர் வாருவது எல்லாம் இதில்தான் நடக்கிறது.

சமவெளியில் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒத்துவரவில்லை என்றால் நடுவில் காம்பவுண்டு சுவரை உயர்த்திவிட்டு அவரவர் பாட்டுக்கு இருந்துவிடலாம். மலையில் அது நடக்காது. மேல் வீடு நிற்கும் மண்ணைத் தாங்கிப் பிடிப்பதே கீழ் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவர்தான். மேல் வீட்டில் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், மழைத் தண்ணீர் எல்லாம் கீழே இறங்கித்தானே ஆக வேண்டும்?

அந்தத் தடுப்புச் சுவரில் வரிசையாக ஓட்டைகள் விட்டிருப்பார்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் சுவருக்கு அதுதான் உயிர். மண்ணுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் அதன் வழியாக வெளியே வந்துவிடும். ஓட்டை அடைபட்டால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கும். நனைந்த மண் கனம் கூடிப்போகும். மண்ணும் தண்ணீருமாகச் சேர்ந்து சுவரைத் தள்ள, அது வயிறு மாதிரி முன்னால் புடைத்துக்கொண்டு வரும். அப்புறம் ஒரு ராத்திரி மழை போதும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1993 நவம்பரில் குன்னூர் - மேட்டுப்பாளையம் ரோட்டில் மரப்பாலம் பக்கம் மலை சரிந்ததைப் பெரியவர்கள் இன்னமும் சொல்லுவார்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரி மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அப்போது கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 140 சென்டிமீட்டர்தான் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் பக்கத்து வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை பட்ட பாட்டை டி.வி.யில் எல்லாரும் பார்த்தோம்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

2023 புரட்டாசியில், நாலாவது அடுக்கில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு டீச்சரம்மா வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் புடைத்துக்கொண்டு வந்தது. கொத்தனார் பார்த்துவிட்டு, "முழுசா இடிச்சுக் கட்டணும், ரெண்டே முக்கால் லட்சம் ஆகும்" என்றார். அவ்வளவுதான், சங்கத்தில் சண்டை ஆரம்பித்தது.

"சுவர் உங்க எல்லையில இருக்கு, நீங்கதான் கட்டணும்" என்றார்கள் மூன்றாவது அடுக்குக்காரர்கள். "அது தாங்குறது உங்க மண்ணைத்தானே? நீங்க கட்டுங்க" என்றார்கள் நாலாவது அடுக்கில். "எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எங்க சந்தாப் பணத்தை ஏன் தொடுறீங்க?" என்றார்கள் உச்சி அடுக்கில். மூன்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, காபி குடித்து, கத்திவிட்டுக் கலைந்தார்கள். அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. டீச்சரம்மா பின்னறையில் இருந்த கட்டிலை இழுத்து முன்னறையில் போட்டுக்கொண்டார்கள். ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் லைட்டைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

இத்தனை கூட்டத்திலும் பெண்கள் குரலே கிடையாது. பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் சங்க உறுப்பினர். 34 வீட்டில் பெண்கள் பேரில் இருப்பது ஐந்தே ஐந்து. டீச்சரம்மா அதில் ஒருவர். அவர்களே என்னிடம் சொன்னார்கள்: "நான் பேச எந்திரிச்சா, 'நீங்க உக்காருங்க டீச்சர், நாங்க பாத்துக்கறோம்'ங்கறாங்க. பள்ளிக்கூடத்துல அத்தனை வருஷம் நான்தாம்மா எல்லாரையும் உக்கார வச்சேன்!"

ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல தூறல். ஆண்கள் வேலைக்கும் பிள்ளைகள் ஸ்கூலுக்கும் போன பிறகு, நாங்கள் ஆறு பேர் குடையைப் பிடித்துக்கொண்டு உச்சி அடுக்கில் இருந்து இறங்கினோம். தண்ணீர் எந்த வழியாகப் போகிறதோ, அதன் பின்னாலேயே போனோம். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. எந்த வீட்டுத் துவைக்கிற கல் தண்ணீர் எங்கே போகிறது என்பது தினமும் அங்கே நிற்கிறவளுக்குத் தெரியும்.

இரண்டு மணி நேரத்தில் நாலு விஷயம் கண்ணில் பட்டது. உச்சி அடுக்கில் ஒரு வீட்டு மொட்டை மாடிக் குழாய், சாக்கடையில் விடாமல் நேராக மண்ணிலேயே கொட்டுகிறது. இரண்டாவது அடுக்கில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் வடிகால் தைல இலை மண்டி அடைத்து, தண்ணீர் வழிந்து ஓடுகிறது. எங்கள் அடுக்கில் கடைசி வீட்டின் குளியலறைத் தண்ணீர்க் குழி, சரியாக அந்தச் சுவரின் தலைமேல் இருக்கிறது. நாலாவதுதான் கொடுமை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது, பார்வையாக இருக்கட்டும் என்று ஓட்டைகளை எல்லாம் சிமெண்டு வைத்துப் பூசியிருக்கிறார்கள்!

போனில் போட்டோ பிடித்தோம். என் மகள் சாயங்காலம் நோட்டில் ஐந்து அடுக்கையும் படமாகப் போட்டு, தண்ணீர் போகும் வழியை நீல மையில் குறித்துக் கொடுத்தாள். செயலாளரிடம் கொடுத்தபோது பக்கத்தில் இருந்தவர், "வீட்ல வேலை இல்லீங்களாம்மா?" என்று சிரித்தார். செயலாளர் நல்ல மனிதர். சிரிக்காமல் வாங்கிப் பார்த்தார். மறுநாளே ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார்.

இன்ஜினியர் சொன்னது இதுதான்: சுவர் முழுவதையும் இடிக்க வேண்டாம், முதலில் அடைத்த ஓட்டைகளைத் திறந்து தண்ணீரைத் திருப்புங்கள், புடைத்த பன்னிரண்டு அடியை மட்டும் பிரித்துக் கட்டினால் போதும். செலவு ரூ.1,10,000. சங்க நிதியில் பாதி, சுவருக்கு மேலும் கீழும் இருக்கும் வீட்டுக்காரர்கள் மீதி என்று முடிவானது. குழாயையும் குழியையும் அந்தந்த வீட்டுக்காரர்களே தங்கள் செலவில் மாற்ற வேண்டும். உச்சி வீட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே குழாயைத் திருப்பினார்கள். இன்றுவரை எங்களோடு பேச்சில்லை. பரவாயில்லை, தண்ணீர் சாக்கடையில் போகிறது.

கார்த்திகை மழையில் அந்த ஓட்டைகள் வழியாக முதலில் கலங்கலாகவும் பிறகு தெளிவாகவும் தண்ணீர் கொட்டியது. டீச்சரம்மா கட்டிலைத் திரும்பப் பின்னறைக்கே கொண்டுபோனார்கள்.

தோழிகளே, நான் சொல்ல வருவது இதுதான். மலையில் 'என் வீடு, என் சுவர், என் தண்ணீர்' என்று தனித்தனியாக எதுவும் இல்லை. அதனால் சங்கம் என்பது காவல்காரருக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் இருந்தால் போதாது. பத்திரத்தில் பேர் இருப்பவர் மட்டும் பேசுவது என்றும் இருக்கக்கூடாது. பகல் முழுக்க வீட்டில் இருந்து, எது கசிகிறது, எது விரிகிறது என்று பார்ப்பவள் பெண். அவளுக்கும் கூட்டத்தில் நாற்காலி வேண்டும். துணைவிதிகளைப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுத் திருத்தி, பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால், கணவன் மனைவி இருவரில் யார் வந்தாலும் உறுப்பினர்தான் என்று ஆக்கிவிடலாம். எங்கள் சங்கத்தில் இரண்டு தடவை எழுதிக் கொடுத்துவிட்டோம். "அடுத்த பொதுக்குழுவில் பார்க்கலாம்" என்கிறார்கள். நாங்களும் விடுவதாக இல்லை.

மலைப்பக்கம் இருப்பவர்களும், வீடு வாங்க நினைப்பவர்களும் கவனிக்கச் சில விஷயங்கள்:

1. மே மாதக் குளிருக்கு மயங்கி வீடு வாங்காதீர்கள். மழைக்காலத்தில் ஒருமுறை வந்து, வீட்டுக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

2. புரட்டாசியிலேயே வடிகால்களைத் தூர் வாரி, தடுப்புச் சுவர் ஓட்டைகளைக் குச்சி விட்டுக் குத்திப் பாருங்கள். பூசி மூடவே கூடாது.

3. வெளியூரில் இருந்துகொண்டு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள், ஒரு சாவியைச் சங்கத்திடம் கொடுத்து வையுங்கள். எங்கள் குடியிருப்பில் 11 வீடுகள் வருடத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. அங்கே அடைக்கும் இலை கீழே இருப்பவர்களுக்குத்தான் வினை.

4. குப்பையையும் மீந்த சாப்பாட்டையும் சரிவில் வீசாதீர்கள். வடிகால் அடைபடுவது மட்டுமில்லை, வாசனைக்குக் கரடியும் வந்துவிடும்.

5. சுவரிலோ தரையிலோ புது விரிசல், கதவு ஜன்னல் திடீரென்று இறுகுவது, மரமோ வேலிக்கல்லோ சாய்வது, தெளிந்து வந்த ஊற்று கலங்குவது... இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் வெளியேறுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

வேறு மலை ஊர்களில் இருக்கும் தோழிகள் தங்கள் சங்கங்களில் பெண்களைச் சேர்த்திருக்கிறார்களா, எப்படிச் சேர்த்தார்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதினால், எங்கள் அடுத்த பொதுக்குழுவுக்குக் கையோடு எடுத்துக்கொண்டு போவேன்.

- ஒரு வாசகி, குன்னூர்.