உங்களுக்குத் தெரியுமா? பேலட் வாங்கும் முன் ஒரு நிமிடம்!

"அண்ணே, நல்ல பேலட்டா நூறு அனுப்புங்க." பெரும்பாலான ஆர்டர்கள் இப்படித்தான் போகின்றன. எதற்கு நல்லது என்று கேட்காமல் வாங்கிய பேலட், குடோனிலோ துறைமுகத்திலோ கணக்கைத் தீர்த்துவிடும். விவரம் தெரிந்து வாங்கச் சில துணுக்குகள்:

ஏ, பி என்ற எழுத்து எடையைச் சொல்லாது
அமெரிக்காவில் அதிகம் புழங்குவது 48-க்கு 40 அங்குல மரப் பேலட். அதில் பழையவற்றை ஏ, பி என்று தரம் பிரித்து விற்கிறார்கள். மேல்பலகைகளைத் தாங்கும் நீளச் சட்டங்கள் முழுசாக இருந்தால் ஏ. உடைந்த சட்டத்தோடு இன்னொரு துணைச்சட்டத்தை ஒட்டி ஆணியடித்திருந்தால் பி. பேலட் இதுவரை வாங்கிய அடியைத்தான் அந்த எழுத்து காட்டுகிறது. எத்தனை கிலோ தாங்கும் என்று காட்டுவதில்லை. சட்டப்படியான வரையறையும் இதற்குக் கிடையாது. ஒருவர் ஏ என்று விற்பதை அடுத்த வியாபாரி பி என்று ஒதுக்கலாம்.

பி என்றால் மட்டமா?
இல்லை. தரையில் வைத்து, கைவண்டியில் இழுத்து, பக்கத்து ஊருக்கு அனுப்பும் சரக்குக்கு நன்றாகப் பழுதுபார்த்த பி கிரேடே போதும். ஆனால் துணைச்சட்டம் எடையைக் கூட்டும். ஃபோர்க் நுழையும் இடைவெளியைக் குறைக்கும். தானியங்கி கன்வேயர் உள்ள கிடங்குக்கு அதை அனுப்பினால் வழியில் சிக்கி நிற்க வாய்ப்பு அதிகம். அங்கே ஏ கிரேடுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணில்லை.

ஐரோப்பாவில் நிறமும் ஒரு தரம்
1991-இல் தொடங்கப்பட்ட ஐரோப்பிய பேலட் சங்கமான 'இபால்', தன் பேலட்டுகளைப் புதிது, ஏ, பி, சி என்று வகுக்கிறது. மரம் வெளிறி, சுத்தமாக இருந்தால் ஏ. நாளாக ஆகக் கறுத்து, கறை படிந்து பி, சி என்று இறங்கும். சி வகுப்பும் சுமை தாங்கக்கூடியதுதான். பலகை காணாமல் போனாலோ, குறுக்கே உடைந்தாலோ, கட்டை திரும்பிக்கொண்டாலோ, முத்திரை அழிந்தாலோ அது எந்த வகுப்பிலும் சேராது. முதலில் பழுதுபார்க்க வேண்டும்.

78 ஆணிகள்
1200-க்கு 800 மில்லிமீட்டர் யூரோ பேலட் ஒன்றில் 11 பலகைகள், 9 கட்டைகள், 78 ஆணிகள். எடை சுமார் 25 கிலோ. அனுமதிக்கப்பட்ட சுமை 1500 கிலோ. ஆணியின் எண்ணிக்கைவரை வரையறுத்து வைத்திருப்பதால்தான் ஒரு நாட்டில் சரக்கோடு கொடுத்த பேலட்டுக்கு இன்னொரு நாட்டில் அதே தரப் பேலட்டை மாற்றி வாங்க முடிகிறது.

ஒரே பேலட், மூன்று சுமை
விலைப்பட்டியலில் '4 டன் தாங்கும்' என்று இருந்தால் உடனே மகிழ வேண்டாம். அது அசையாமல் சமதரையில் கிடக்கும்போது தாங்கும் சுமையாக இருக்கலாம். ஃபோர்க்லிஃப்ட் தூக்கிப் போகும்போது தாங்குவது அதைவிடக் குறைவு. ரேக்கில் இரண்டு ஓரத்து விட்டங்கள் மட்டும் பிடித்திருக்க, நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும்போது தாங்குவது இன்னும் குறைவு. ரேக்கில் ஏற்றுபவர்கள் மூன்றாவது எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான்கு பக்கமும் நுழையுமா?
'ஃபோர் வே' என்று விற்கப்படுவதிலும் இரண்டு வகை உண்டு. கட்டைகள் வைத்த பேலட்டில் கைவண்டியும் ஃபோர்க்லிஃப்ட்டும் நான்கு பக்கமும் நுழையும். சட்டத்தில் காடி வெட்டிய பேலட்டில், காடி உள்ள பக்கங்களில் ஃபோர்க்லிஃப்ட் மட்டுமே நுழைய முடியும். கைவண்டியை நம்பி இருக்கும் சிறு குடோன்காரர் இதைக் கேட்காமல் வாங்கினால், சரக்கை இறக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஒரு வண்டு போட்ட சட்டம்
1996-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மரங்களில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. சீனாவிலிருந்து சரக்கோடு வந்த மரப் பெட்டிகளும் பேலட்டுகளும்தான் அதற்கு வாகனம். இப்படிப்பட்ட பூச்சிகளைத் தடுக்க 2002-இல் வந்த உலக விதிதான் ஐ.எஸ்.பி.எம். 15. வழக்கமான வெப்ப முறையில், ஏற்றுமதிக்குப் போகும் மரப் பேலட்டின் நடுமரம்வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடம் நீடிக்க வேண்டும். பதப்படுத்தியதற்கான முத்திரை இல்லாத பேலட் துறைமுகத்தில் சிக்கினால், அதன் மேல் இருக்கும் சரக்கும் சேர்ந்துதான் நிற்கும்.

முத்திரையை இப்படிப் படிக்கலாம்
இடப்பக்கம் கோதுமைக் கதிர்ச் சின்னம். அடுத்து நாட்டின் குறியீடு, இந்தியாவுக்கு 'ஐ.என்.'. பிறகு தயாரித்த அல்லது பதப்படுத்திய நிறுவனத்தின் எண். கடைசியில் 'ஹெச்.டி.' என்றால் வெப்பம், 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை. கையால் வரைந்த முத்திரை செல்லாது. அபாயப் பொருள்களின் லேபிளோடு குழம்பாமல் இருக்க, சிவப்பு, ஆரஞ்சு மைகளைத் தவிர்க்கச் சொல்கிறது விதி.

மரப்பட்டைக்கும் அளவு உண்டு
பேலட் மரத்தில் ஒட்டியிருக்கும் பட்டை 3 சென்டிமீட்டருக்குக் குறைவான அகலம் என்றால் எவ்வளவு நீளம் இருந்தாலும் பரவாயில்லை. அதைவிட அகலமானால், ஒவ்வொரு துண்டும் 50 சதுர சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். பட்டைக்கு அடியில்தான் பல பூச்சிகள் முட்டையிடுகின்றன.

மூன்றில் ஒரு பங்கு கணக்கு
பழுதுபார்த்த பேலட்டை ஏற்றுமதிக்கு வாங்குகிறீர்களா? மூன்றில் ஒரு பங்குவரை மரம் மாற்றியிருந்தால், மாற்றிய மரம் சூடேற்றப்பட்டதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் மாற்றியிருந்தால் பழைய முத்திரைகளை எல்லாம் அழித்துவிட்டு, பேலட்டையே மறுபடி சூடேற்றிப் புது முத்திரை குத்த வேண்டும். பழைய முத்திரை பளிச்சென்று இருந்து, பலகைகளில் பாதி புதிதாகத் தெரிந்தால் கேள்வி கேளுங்கள்.

புகையை ஏன் பலர் விரும்புவதில்லை?
மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு. அதைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கையில், சரக்கோடு பூச்சி பரவாமல் தடுக்கும் பயன்பாட்டுக்கு விலக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் 2010-இலேயே அதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. அதனால் 'ஹெச்.டி. மட்டும்' என்று ஆர்டரிலேயே எழுதும் பையர்கள் உண்டு.

சூடேற்றினால் காய்ந்துவிடுமா?
காயாது. அரை மணி நேர வெப்பம் பூச்சியைக் கொல்லும். மரத்தின் ஈரத்தை முழுசாக எடுக்காது. அந்த ஈரத்தோடு கன்டெய்னரில் பூட்டினால் கப்பல் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை படரும். துணிக்கும் அட்டைப்பெட்டிக்கும் அது நல்லதில்லை. ஈர மரத்தில் அடித்த ஆணி, மரம் காயக் காயத் தளரவும் செய்யும். பின்னலாடை போன்ற சரக்குக்கு, வெப்பச் சான்றிதழோடு ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்றும் கேட்க வேண்டும். சூளையில் உலர்த்திய மரம் என்றால் பொதுவாக 19 சதவீதத்துக்குள் இருக்கும்.

மாத்திரையில் பேலட் வாடை
2010 ஜனவரியில் அமெரிக்காவில் டைலெனால் உள்ளிட்ட பல மாத்திரைகளை அவற்றைத் தயாரித்த நிறுவனம் திரும்பப் பெற்றது. காரணம், பூஞ்சை பிடித்ததுபோன்ற வாடை. பொதிபொருள்களை ஏற்றி வைத்த மரப் பேலட்டுகளில் பூசிய ரசாயனம் சிதைந்து உண்டான பொருள்தான் அந்த வாடைக்குக் காரணம் என்று விளக்கம் வந்தது. மருந்தும் உணவும் விற்பவர்கள், மரத்தில் என்ன பூசினார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

ரப்பர் மரம் வாங்கினால்
கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரங்கள் பேலட்டாகவும் மாறுகின்றன. மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூஞ்சையும் துளைப்பான் வண்டும் சீக்கிரம் தேடி வரும். வெட்டியதும் தாமதிக்காமல் பதப்படுத்தினார்களா என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது. பலகையில் ஊசித்துளைகளும் அடியில் மாவும் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

லாரிக்குச் சரி, கன்டெய்னருக்குச் சரியில்லை
800 மில்லிமீட்டர் யூரோ பேலட் மூன்றை அருகருகே வைத்தால் 2.40 மீட்டர். ஐரோப்பிய லாரியில் அது கச்சிதமாக அமரும். ஆனால் சாதாரணக் கன்டெய்னரின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர்தான்! 5 சென்டிமீட்டர் குறைவதால் மூன்று நுழையாது. 20 அடிக் கன்டெய்னரில் யூரோ பேலட் 11, 1200-க்கு 1000 அளவு பேலட் 10 என்பதே வழக்கமான கணக்கு.

உலகத்துக்கு ஆறு அளவு
ஐ.எஸ்.ஓ. 6780 என்ற சர்வதேசத் தரம் ஆறு பேலட் அளவுகளை ஏற்கிறது. ஜப்பானில் 1100-க்கு 1100, ஆஸ்திரேலியாவில் 1165-க்கு 1165. உங்களிடம் மலிவாகக் கிடைக்கும் அளவைவிட, சரக்கு போய்ச் சேரும் இடத்து ரேக்கின் அளவே முக்கியம்.

பெட்டி வெளியே நீட்டக் கூடாது
அட்டைப்பெட்டியின் பலம் பெரும்பாலும் அதன் மூலைகளில்தான். பேலட்டின் ஓரத்தைத் தாண்டிப் பெட்டி சிறிது நீட்டினாலும் மூலைக்குப் பிடிமானம் போய், அடி வரிசை நசுங்கும். இந்தச் சேதத்துக்குப் பேலட்டின் கிரேடைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிளாஸ்டிக்கிலும் வகை பார்க்கணும்
பிளாஸ்டிக் பேலட்டுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை தேவையில்லை, பிளைவுட்டுக்கும் அப்படியே. கழுவலாம், ஆணி நீட்டாது. ஆனால் பாலிப்ரொப்பிலீன் உறைகுளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது. மீன், இறால் வைக்கும் குளிர்க்கிடங்குக்கு ஹெச்.டி.பி.இ. வகைப் பிளாஸ்டிக் கேட்டு வாங்க வேண்டும்.

நீலப் பேலட் யாருடையது?
நீல வண்ணம் பூசிய 'செப்' நிறுவனப் பேலட்டுகள் விற்பனைக்கு அல்ல, வாடகைக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படை ஆஸ்திரேலியாவில் விட்டுப்போன சாமான்களை வைத்து வளர்ந்த நிறுவனம் அது. பழைய பேலட் கடையில் நீலம் மலிவாகக் கிடைத்தால், நீங்கள் வாங்குவது இன்னொருவர் சொத்து.

விலையை நடையால் வகுங்கள்
மரப் பேலட் 600 ரூபாய், பிளாஸ்டிக் 3000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மரம் ஒரே நடையில் போய்விடுகிறது என்றால், பிளாஸ்டிக் 5 நடை போனால்தான் முதல் தேறும். திரும்பி வரும் லாரிக்கூலி வேறு. திரும்பாத ஏற்றுமதிச் சரக்குக்கு விலை உயர்ந்த பேலட் வாங்குவது பையருக்குக் கொடுக்கும் இலவசம். தினமும் உங்கள் ஆலைக்கும் கிடங்குக்கும் இடையே ஓடும் சரக்குக்கு மலிவுப் பேலட் வாங்கினால், மாதாமாதம் ஆணியடிக்கும் கூலி.

ஆர்டரில் எழுத வேண்டியவை
அடுத்த முறை 'நல்ல பேலட்' என்று சொல்லாமல் இப்படி எழுதுங்கள்: நீள அகலம், ஏற்றும் எடை, ரேக்கா தரையா, கைவண்டியா ஃபோர்க்லிஃப்ட்டா, எந்த நாட்டுக்கு, திரும்புமா திரும்பாதா, ஈரப்பதம் எவ்வளவு. இந்த ஏழுக்கும் விடை எழுதிவிட்டால் ஏயா பியா என்பது தானாகத் தெரிந்துவிடும். லோடு வந்ததும் நாலைந்தைப் புரட்டிப் போட்டு அடிப்பக்கம் பார்த்துவிட்டு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.