கண்டிகையில் ஒரு கதைத் தொடர் – 6: பொன்னிக்கு எத்தனை முகம்?

ஏஐ கருவியிடம் ஒரே ஒரு கதை எழுதி வாங்குவது இன்றைக்குப் பெரிய காரியமில்லை. 2022 டிசம்பரில் அம்மார் ரேஷி என்ற வடிவமைப்பாளர், சாட்ஜிபிடியையும் படம் போடும் மிட்ஜர்னியையும் வைத்துக்கொண்டு ஒரு வார இறுதியிலேயே ‘ஆலிஸ் அண்ட் ஸ்பார்க்கிள்’ என்ற குழந்தைகள் புத்தகத்தைச் செய்து அமேசானில் விற்பனைக்கு விட்டார். ஓவியர்கள் கொதித்துப்போனார்கள். தங்கள் படங்களைக் கேட்காமல் அள்ளிப் பழகிய கருவி, தங்கள் பிழைப்பிலேயே கை வைக்கிறது என்றார்கள். நியாயமான கோபம். 2025 ஆகஸ்ட்டில் கூகுள் ஜெமினியில் ‘ஸ்டோரிபுக்’ வந்த பிறகு அந்த வார இறுதியும் தேவையில்லை. என்ன கதை வேண்டும் என்று சொன்னால் போதும், பத்துப் பக்கப் படக்கதை வந்துவிடுகிறது, வாசித்தும் காட்டுகிறது.

சிக்கல் இரண்டாவது கதையில்தான் ஆரம்பிக்கிறது.

நாம் கருவியை வைத்துச் செய்யும் கதைத் தொடரின் நாயகி பொன்னி. எட்டு வயது, கே.ஜி.கண்டிகைச் சிறுமி. வீட்டில் அவ்வாவோடு (பாட்டி) தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். திருத்தணி வட்டாரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஏராளம். முதல் கதையில் அவளுக்கு ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். இரண்டாவதில் ஒற்றைச் சடை. மூன்றாவதில் உயர்நிலைப் பள்ளிப் பெண்ணாக வளர்ந்து நிற்கிறாள்! பெரியவர்கள் கவனிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள், குழந்தைகள் விடமாட்டார்கள். “சித்தி, இது வேற பொண்ணு” என்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டாள் என் அக்கா மகள்.

அம்புலிமாமாவை நினைத்துப் பாருங்கள். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேரத் தொடங்கிய இதழ் அது. எங்கள் ஊரைப் போன்ற ஆந்திர எல்லையோர ஊர்களுக்கென்றே செய்ததுபோல, ஒரே கதை இரண்டு மொழியிலும் வந்தது. 1952இல் அங்கே சேர்ந்த ஓவியர் சங்கர் பல பத்தாண்டுகள் விக்கிரமாதித்தனை வரைந்தார். எந்த மாத இதழைப் பிரித்தாலும் அதே ராஜா, கையில் வாள், தோளில் வேதாளம். தொடரை நிலைக்க வைத்தது அந்த மாறாத முகம்தான். ஒரே ஆளின் கை அதற்குப் பின்னால் இருந்தது.

அதனால் நான் சொல்வது இதுதான்: பொன்னியை முதலில் ஒரு மனிதர் வரையட்டும். உங்கள் ஊர் ஓவிய ஆசிரியரோ, நன்றாகப் படம் போடும் கல்லூரி மாணவரோ, யாராக இருந்தாலும் உரிய பணம் கொடுத்து, இந்தப் படம் எதற்கு என்பதையும் சொல்லி, முன்பக்கம், பக்கவாட்டு, முதுகுப்புறம் என்று மூன்று நிலைகளில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதையே மாதிரிப் படமாகக் கருவிக்குக் கொடுங்கள். சடை, ரிப்பன், பாவாடையின் நிறம், காலில் செருப்பு உண்டா இல்லையா என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்து, அந்த வரிகளை மாற்றாமல் சேருங்கள். முகம் பெரும்பாலும் நிற்கும். மாதிரிக்காக வீட்டுக் குழந்தையின் போட்டோவை ஏற்றாதீர்கள். அது எங்கே போய்த் தங்கும் என்பது நம் கையில் இல்லை.

பொன்னியை மனிதர் வரைவதில் உரிமை விஷயமும் இருக்கிறது. ‘ஜர்யா ஆஃப் த டான்’ என்ற படக்கதைக்கு 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு முடிவு சொன்னது: எழுத்துக்கும், படங்களைத் தேர்ந்து அடுக்கிய விதத்துக்கும் பாதுகாப்பு உண்டு, மிட்ஜர்னி போட்ட தனித்தனிப் படங்களுக்கு இல்லை.

ஊரும் முகத்தைப் போலத்தான், சொல்லாவிட்டால் மாறிவிடும். நான்காவது கதை திருத்தணி மலையில் நடக்கிறது. இந்திரன் தெய்வானைக்குச் சீதனமாகக் கொடுத்த ஐராவதம் போனதும் தேவலோகத்தின் செல்வம் குறைந்ததாம். அவன் முறையிட, யானையின் பார்வையாவது தேவலோகத் திசையில் இருக்கட்டும் என்று முருகன் சம்மதித்தாராம். அதனால்தான் சந்நிதிக்கு எதிரே உள்ள யானை சாமியைப் பார்க்காமல் கிழக்கே பார்த்து நிற்கிறது. கருவி என்ன செய்தது? யானையை அழகாகச் சாமி பக்கம் திருப்பி வைத்தது. மற்றக் கோயில்களில் பெரும்பாலும் வாகனம் அப்படித்தானே நிற்கிறது! யானை திரும்பி நிற்பதுதான் கதை என்பதைத் தனியாக எழுதிக் கொடுத்த பிறகே படம் சரியானது. பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்து புள்ளியும் கொம்பும் இடம்மாறி வந்ததால் பலகையை வெறுமையாகக் கேட்டு, எழுத்தைப் பிறகு நாமே சேர்த்தோம்.

பேச்சையும் முழுக்க நாமே எழுத வேண்டியிருந்தது. “பாட்டி, நான் மிகவும் பசியாக இருக்கிறேன்” என்று எழுதிக் கொடுக்கிறது கருவி. எந்தப் பிள்ளை இப்படிப் பேசும்? “அவ்வா, பசிக்குது” என்று மாற்றினேன். ‘ஓர் அழகிய கிராமத்தில்’ என்ற தொடக்கத்தையும் வெட்டிவிட்டு, சோளிங்கர் பஸ்ஸைத் தவறவிட்ட பொன்னியோடு கதையைத் தொடங்கினோம். கதையின் எலும்புக்கூட்டைப் போட, ஒரு நிகழ்ச்சியை நான்கு விதமாக யோசித்துப் பார்க்க, கருவி உண்மையிலேயே உதவுகிறது. அதற்கு அதை மனதார வைத்துக்கொள்ளலாம். வாக்கியங்களை மட்டும் ஒரு குழந்தைக்கு உரக்க வாசித்துக்காட்டி, அது நெளியும் இடங்களைத் திருத்துங்கள்.

புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் யார் எழுதியது, பொன்னியை யார் வரைந்தது, எந்தக் கருவி உதவியது என்று மூன்றையும் அச்சிடுங்கள். அமேசானில் சொந்தமாக வெளியிடுகிறவர்கள் ஏஐ உருவாக்கிய பகுதி இருந்தால் அந்த நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 செப்டம்பரிலிருந்தே விதி. வாங்கும் பெற்றோருக்கும் அது தெரிய வேண்டும்.

அடுத்த வாரம் பொன்னியைத் தெலுங்குக்கு அழைத்துப்போவோம்.

(தொடரும்)