மூடிய முற்றமும் இருண்ட சாப்பாட்டு அறையும்

புதுச்சேரி வட்டாரத்துப் பழைய வீடுகளில் சாப்பாட்டு அறை பகலிலும் விளக்குப் போட்டால்தான் தெரியும் என்ற நிலையில் இருப்பதற்குச் சுவரின் நிறமோ விளக்கின் வலுவின்மையோ முதற்காரணம் அல்ல; வீடு கட்டப்பட்ட காலத்தில் அந்த இடம் சாப்பாட்டு அறையாகவே இருக்கவில்லை என்பதே காரணம். மரபான தமிழ் வீட்டில் உண்பதற்கெனத் தனி அறை வகுக்கப்படவில்லை. முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்திலோ அதையொட்டிய கூடத்திலோ இலை போட்டுத் தரையில் அமர்ந்து உண்டார்கள், வெளிச்சம் முற்றத்தின் வழியே மேலிருந்து இறங்கியது. மேசையும் நாற்காலியும் வந்து சேர்ந்தபோது, பரிமாற வசதியாக இருக்கும் என்று சமையலறையை ஒட்டிய உள்ளறை அவற்றுக்கு ஒதுக்கப்பட்டது; சாமான்களை அடுக்கி வைக்கவே பயன்பட்ட அந்த அறைக்குச் சன்னல் தேவை என்று கட்டியவர்கள் நினைத்திருக்க வேண்டியதில்லை.

தமிழர் பகுதி வீடுகள் பக்கத்து வீட்டோடு ஒட்டி நிற்பவை. இருபுறமும் பொதுச்சுவர் ஆதலால் பக்கவாட்டில் சன்னல் திறக்க வழியில்லை. தெருவாசல், கொல்லைப்புறம், முற்றம் ஆகிய மூன்றின் வழியே மட்டும் வெளிச்சம் வர முடியும். பிரெஞ்சுப் பகுதி மாளிகைகள் மதிலுக்குள் தோட்டம் விட்டு, உயரமான சன்னல்களோடு நிற்பதால் இந்தச் சிக்கல் அங்கே குறைவு. இரண்டு மரபும் ஒரே கூரையின் கீழ் கலந்து நிற்பதை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் காணலாம்: கீழ்த்தளத்தில் மரத்தூண்கள் சூழ்ந்த தமிழ் முற்றம், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். கொசு, திருட்டு, மழைச்சாரல் ஆகியவற்றுக்கு அஞ்சி இத்தகைய முற்றங்களைத் தகரத்தாலோ கான்கிரீட்டாலோ மூடிய வீடுகளில், மூன்றில் வலிமையான ஒளிவழி அடைபட்டது. வைசியாள் வீதி எனப்படும் கால்வே சுப்புராயச் செட்டி வீதியில் 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வீடுகளின் முகப்புகள் சீரமைக்கப்பட்டது பாராட்டத்தக்க பணியே. ஆயினும் முகப்பைச் செப்பனிடும் திட்டம் எதுவும் சமையலறைக்குப் பக்கத்து இருட்டு வரை எட்டுவதில்லை, அது வீட்டுக்காரர் பாடு.

நகரத்துக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், இடையில் தமிழ்நாட்டு நிலம் குறுக்கிட, தனித்துண்டாகக் கடலோரம் கிடக்கும் காலாப்பட்டில் சிக்கல் சற்று வேறு. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கப்பட்ட பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் புதிய கட்டடங்கள் பெருகினாலும், இத்தகைய கடலோர ஊர்களின் பழைய ஓட்டு வீடு தாழ்ந்த இறவாணத்தைக் கொண்டது. வெயிலையும் சாரலையும் தடுக்கவே கூரையின் விளிம்பு அவ்வளவு கீழே இறக்கப்பட்டது, வெளிச்சமும் அதோடு தடைபட்டது. இங்கே தீர்வு எளிது, செலவும் குறைவு. சீமை ஓடு எனப்படும் மங்களூர் ஓட்டின் அதே வடிவில் கண்ணாடி ஓடு கிடைக்கிறது. சட்டத்தை அறுக்காமல், நான்கைந்து ஓடுகளைக் கழற்றி அவற்றின் இடத்தில் கண்ணாடி ஓட்டைச் செருகினால் அறையின் நடுப்பகுதி தெளிந்துவிடும்.

மெட்ராஸ் ஒட்டுக் கூரையில் அப்படிச் செய்ய இயலாது. தேக்குச் சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்தி, மேலே செங்கல் சல்லியும் தட்டோடும் இட்டு முடிக்கப்படும் இந்தத் தளத்தின் பகுதிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. பழைய தளம் கட்டத் தெரிந்த கொத்தனாரும் பொறியாளரும் பார்த்துச் சொல்லாமல் அதில் ஓட்டை போடக் கூடாது. அத்தகைய வீட்டில், மூடிய முற்றத்தையே திரும்பத் திறப்பது நல்லது. முழுவதும் திறக்க மனமில்லாதவர்கள், கூரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் பாலிகார்பனேட் தகட்டை நிறுத்தி, நான்கு பக்க இடைவெளிக்கும் கொசுவலை அடிக்கலாம். சூடான காற்று அந்த இடைவெளி வழியே வெளியேறும். இடைவெளி விடாமல் மூடினால் அறை வெளிச்சமாகும், கூடவே அடுப்பாகவும் ஆகும். புதுச்சேரி நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 12 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டி மறுமுறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது; இடைப்பட்ட மாதங்களில் அது வடபுறம் சாய்கிறது. வடக்குப் பார்த்த சன்னலில் வெயில் படாது என்ற பொதுக்கருத்து, கோடையில் இந்த ஊருக்குப் பொருந்தாது.

ஒளியைத் தடுக்காமல் வெயிலைத் தடுக்கும் கலையில், புதுச்சேரியிலேயே உலகறிந்த முன்மாதிரி உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார்; 1930களின் இறுதியில் தொடங்கிய அதன் கட்டுமானத்தில் பிற்காலத்தில் மரத்தச்சுக்குப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமாவும் பணியாற்றினார். வடக்கும் தெற்கும் நோக்கிய அதன் முகங்களில் கண்ணாடிச் சன்னல் இல்லை. திருப்பக்கூடிய கிடைத்தகடுகள் முகம் முழுவதும் அடுக்கப்பட்டுள்ளன. வானத்து ஒளி தகட்டில் பட்டுச் சிதறி, கண்ணைக் கூசச் செய்யாமல் உள்ளே வருகிறது. கொல்லைப்புறச் சுவரில் ஒரு சன்னல் திறக்க வாய்ப்புள்ள வீட்டுக்காரர், கண்ணாடிக் கதவை விடுத்து திருப்பக்கூடிய மரத்தகடுகள் கொண்ட சன்னலைத் தேர்ந்தால் இதே பயனை அடையலாம். கடற்காற்றின் உப்பு இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். காலாப்பட்டில் கீல் முதல் திருகாணி வரை பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ போடுவதில் கஞ்சம் பிடிக்கலாகாது.

சுவர் வேலை இதன் பிறகே வர வேண்டும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. நடுத்தரப் பச்சையோ நீலமோ பாதியைக்கூடத் தருவதில்லை. பழைய சுவருக்குச் சுண்ணாம்பு ஏற்றது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், மண்ணிலிருந்து ஏறும் ஓதத்தைத் தன் மேற்பரப்பு வழியே ஆவியாக விடுகிறது. பிளாஸ்டிக் எமல்ஷனோ சிமென்ட் பூச்சோ அந்த வழியை அடைக்க, ஈரம் உள்ளே தேங்கி, உப்புப் பூத்து, பெயின்ட் கொப்பளித்து உரிகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பின் சுவரின் அடிப்பகுதியில் பொருக்கு விடுவது பெரும்பாலும் இதனாலேயே. மெட்ராஸ் ஒட்டின் தேக்குச் சட்டங்களுக்கு வெள்ளை பூச வேண்டியதில்லை. சட்டங்களுக்கு இடைப்பட்ட செங்கல் பட்டைகளை மட்டும் வெளுத்தால் போதும். சிவப்பு ஆக்சைடு தரை ஒளியை விழுங்குவது உண்மை, ஆனால் அதற்காக அதைப் பெயர்த்து வழுவழுப்பான டைல்ஸ் ஒட்டுவது வீணான வேலை, அழகுக்கும் கேடு.

இரவு விளக்கில் செய்யப்படும் தவறு பெரும்பாலும் மின்விசிறியோடு தொடர்புடையது. மேசைக்கு நேர் மேலே விசிறி சுழல, அதற்கும் மேலே விட்டத்தை ஒட்டி விளக்கு எரிந்தால், இறக்கைகளின் நிழல் தட்டில் ஓயாமல் துடிக்கும். விசிறியைச் சுவருக்கு மாற்றி, மேசைப்பலகையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தொங்கு விளக்கு அமைப்பது ஒரு வழி. விசிறியை அசைக்க முடியாதபோது, இறக்கைகளின் வீச்சுக்கு வெளியே இரு சுவர்களில் விளக்குப் பொருத்துவது மற்றொன்று. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவு 2700 முதல் 3000 வரை உள்ள பல்புகள் மஞ்சள் சாயலில் எரிபவை. பலர் வாங்கும் 6500 கெல்வின் நீலவெள்ளை விளக்கில் சாம்பாரும் மீன்குழம்பும் வெளிறித் தெரியும்.

இவ்வளவும் செய்ய வசதிப்படாத வீட்டில், அறையை மாற்றுவதைவிட மேசையை நகர்த்துவதே சிக்கனம். திறந்த முற்றத்தின் தாழ்வாரம் ஏழடி அகலம் இருந்தால், நான்கு பேர் உண்ணும் குறுகிய மேசை சுவரோரம் அடங்கிவிடும். வேண்டியது ஒரு விசிறி இணைப்பும், மழைநாளில் சாரல் தடுக்க ஒரு மூங்கில் தட்டியும்தான். காலியான உள்ளறைக்கு அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடிகளும் திரும்பிப் போகலாம். அவற்றுக்கு அந்த இருட்டும் குளிர்ச்சியும் நல்லவையே.