'கொண்டுவா' என்றால் யார் கொண்டுவருவது?

சென்ற கல்வியாண்டின் இறுதியில், நம் தமிழ்த்துறை மாணவர்கள் நாகலாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரியவர்களிடம் கேட்டுத் திரட்டிய உழவுச் சொற்களை இணையத்தில் ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. கமலை, கூனை, மேழி, கொழு, பருத்திமார், பொலி, கருது என்று கரிசல் காட்டோடு பிறந்த சொற்கள். அவற்றுள் பலவற்றை என் வயதினர் காதால்கூடக் கேட்டதில்லை. வீட்டில் இரவு பகலாக உட்கார்ந்து பக்கத்தை அமைத்தேன். தலைச்சொல் செந்நிறத்தில் தடித்து நிற்கும். பொருள் அதற்குக் கீழே கருநிறத்தில் சிறிதாக வரும். என் கணினியில் பார்க்க அழகாகவே இருந்தது.

துறை விழா அன்று, சொல் தந்த பெரியவர்கள் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, புரொஜெக்டரில் பக்கத்தைத் திறந்தோம். தலைப்பும் வண்ணப் பட்டையும் ஒழுங்காக வந்தன. ஆனால் சொற்களெல்லாம் ஒரே பத்தியாக, கமலை எது, அதன் பொருள் எது, அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி ஓடிக்கிடந்தன. முன்வரிசைத் தாத்தா ஒருவர் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நான் சொன்ன கூனை எங்க தாயி?" என்று கேட்டார். கூனை அங்கேதான் இருந்தது. அவர் கண்ணுக்குப் படவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கணினித் திரையில் பிழைச் செய்தி எதுவும் இல்லை. அதுதான் என்னை மிகவும் குழப்பியது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள்கள் ஆயின. கண்டுபிடித்தபின் திருத்த இரண்டு நொடிகூட ஆகவில்லை. இணையப் பக்கம் அமைக்கப் பழகிவரும் நம் மாணவர்களுக்கு அந்த இரண்டு நாள்கள் மிச்சமாகட்டும் என்றே இக்கட்டுரையை எழுதுகிறேன். கணினி பயிலாத நண்பர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகச் சற்று அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

இணையப் பக்கத்தில் உள்ள செய்தி ஒரு கோப்பிலும், அதன் தோற்றம் வேறொரு கோப்பிலும் இருக்கும். தோற்றத்தைச் சொல்லும் கோப்புக்கு ஸ்டைல் ஷீட், அதாவது நடைத்தாள், என்று பெயர். அதன் மொழியே சி.எஸ்.எஸ். ஆகும். 1994ஆம் ஆண்டில் ஹோகோன் வியும் லீ என்னும் நார்வே நாட்டவர் இதன் முதல் முன்மொழிவை வெளியிட்டார். 1996 டிசம்பரில் அது முறையான தரமாயிற்று. ஒரு நடைத்தாள் இன்னொரு நடைத்தாளை 'இம்போர்ட்' என்னும் சொல்லால் கூப்பிட்டுக்கொள்ளும் வசதி அந்த முதல் தரத்திலேயே உண்டு. 'இன்ன கோப்பைக் கொண்டுவா' என்பது அதன் பொருள். கொண்டுவருவது பக்கத்தைக் காட்டும் பிரௌசர்.

பக்கங்கள் பெருத்தபோது, ஒரே வண்ணத்தின் எண்ணை நூறு இடங்களில் எழுதுவது பெருந்தொல்லையாயிற்று. அத்தொல்லையைத் தீர்க்க வந்தவையே முன்செயலிகள். 2006இல் ஹாம்ப்டன் காட்லின் வடிவமைத்த சாஸ் என்பதும், 2009இல் வந்த லெஸ் என்பதும் இவற்றுள் பெயர்பெற்றவை. நாம் அன்றாடம் புரட்டும் தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளும் 2013 முதல் லெஸ் மொழியில் எழுதிய நடைத்தாள்களை ஏற்கிறது. முன்செயலியில் வண்ணம், எழுத்து, அட்டவணை என்று தனித்தனிச் சிறு கோப்புகளாக எழுதி வைக்கலாம். முன்செயலி அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே சி.எஸ்.எஸ். கோப்பாக ஆக்கித் தரும். எதை எதைச் சேர்க்கவேண்டும் என்று அதற்குச் சொல்லும் சொல் என்ன தெரியுமா? அதுவும் 'இம்போர்ட்'தான். வினை எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊர்ப் பெண்கள் குழம்புப் பொடி திரிப்பதை எண்ணிப் பாருங்கள். வத்தல், மல்லி, சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் வறுத்து, ஒரே பாத்திரத்தில் கொண்டுபோய் மில்லில் கொடுத்தால் ஒரே பொடியாக வருகிறது. சாஸின் இறக்குமதி இத்தகையது. பிரௌசரின் இறக்குமதியோ, பெருங்காயத்தை மில்லுக்கு அனுப்பாமல், 'பெருங்காயம் கடையில் வாங்கிக்கொள்க' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் பொடி டப்பாவுக்குள் போட்டுவைப்பது போன்றது. சமைப்பவர் சீட்டைப் பார்த்துக் கடைக்குப் போவார். கடையில் இல்லையென்றால்? பெருங்காயம் இல்லாமலே குழம்பு வைத்துவிடுவார், யாரிடமும் முறையிடமாட்டார். பிரௌசரின் குணம் அப்படியே. கேட்ட நடைத்தாள் கிடைக்காவிட்டால், கிடைத்ததை வைத்துப் பக்கத்தைக் காட்டிவிடும்.

எங்கள் விழாவில் நடந்தது இதுவே. சொற்களைப் பிரித்துக் காட்டும் நடைத்தாளை நான் முதலாமாண்டிலேயே சாதாரண சி.எஸ்.எஸ். ஆக எழுதி வைத்திருந்தேன். அதை சாஸுக்குள் கொண்டுவரும்போது, கோப்பின் முழுப்பெயரையும், கடைசியில் வரும் 'புள்ளி சி.எஸ்.எஸ்.' உட்பட, எழுதிவிட்டேன். சாஸின் விதி என்னவென்றால், பெயரின் இறுதியில் 'புள்ளி சி.எஸ்.எஸ்.' இருந்தாலும், 'எச்.டி.டி.பி.' என்று தொடங்கினாலும், 'யூ.ஆர்.எல்.' என்னும் உறைக்குள் எழுதினாலும், திரையின் அகலம் போன்ற நிபந்தனை சேர்த்தாலும், 'இது எனக்கு இட்ட வேலை அன்று, பிரௌசருக்கு இட்ட வேலை' என்று அவ்வரியை அப்படியே விட்டுவிடும். பெருங்காயச் சீட்டு டப்பாவுக்குள் விழுந்துவிட்டது! என் வீட்டுக் கணினியில் அந்தக் கோப்பு அதே உறையில் இருந்ததால் பிரௌசர் எடுத்துக்கொண்டது. கல்லூரிக்காக இணையத்தில் ஏற்றியபோது, 'எல்லாம் ஒன்றாகிவிட்டதே' என்று எண்ணி, மெயின் என்னும் அந்த ஒரே கோப்பைத்தான் ஏற்றினேன். கடையில் பெருங்காயம் இல்லை.

திருத்தம் என்ன? பெயரின் கடைசியில் இருந்த புள்ளியையும் மூன்று எழுத்துகளையும் நீக்கினேன். வால் இல்லாத பெயரைக் கண்டால் சாஸ் தானே போய் அக்கோப்பைத் தேடி, சாதாரண சி.எஸ்.எஸ். ஆக இருந்தாலும் உள்ளே சேர்த்துவிடுகிறது.

ஆகவே, இறக்குமதியில் கோளாறு என்றால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இந்த வரியைச் செய்யவேண்டியவர் யார்? முன்செயலியா, பிரௌசரா? இதற்கு விடை காண எளிய வழி, ஆக்கப்பட்டு வந்த சி.எஸ்.எஸ். கோப்பைத் திறந்து 'இம்போர்ட்' என்னும் சொல்லைத் தேடுவது. அச்சொல் அங்கே எஞ்சியிருந்தால் அது சீட்டு, வேலை பிரௌசருடையது. அப்போது பிரௌசரில் எஃப் 12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்னும் பகுதியைத் திறந்துவைத்துப் பக்கத்தை மீண்டும் ஏற்றினால், கிடைக்காத கோப்பின் எதிரே 404 என்ற எண் நிற்கும். நான் இதை முதல் நாளே செய்திருக்கவேண்டும். செய்யாமல், முன்செயலியை நீக்கி மீண்டும் நிறுவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டாகவே இருக்கவேண்டிய வரிகளும் உண்டு. கூகுள் தளத்திலிருந்து தமிழ் எழுத்துருவை வரவழைக்கும் வரி அவற்றுள் ஒன்று. அத்தகைய வரி மற்ற விதிகளுக்கெல்லாம் முன்னால் இருக்கவேண்டும் என்பது சி.எஸ்.எஸ். சட்டம். சாஸ் அதைத் தானே மேலே ஏற்றிவிடும். ஆனால், ஆக்கிய இரண்டு கோப்புகளை நாமே கையால் ஒட்டினால், இரண்டாவது கோப்பின் தலையில் இருந்த வரி நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும். பிரௌசர் அதைப் பொருட்படுத்தாது.

இனி முன்செயலியே செய்யவேண்டிய வேலையில் வரும் கோளாறுகள். இவை நல்ல கோளாறுகள். ஏனெனில் வாய் திறந்து பேசும். 'இறக்குமதி செய்யவேண்டிய நடைத்தாளைக் காணவில்லை' என்று கோப்பின் பெயரும் வரி எண்ணும் சொல்லிவிடும். இப்போதைய சாஸ் அச்செய்தியைப் பக்கத்தின் தலையிலேயே தெரியும்படி எழுதிவைக்கிறது.

இச்செய்தி எனக்கு முதலில் வந்தது என் தோழியின் மடிக்கணினியில். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுக்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோசோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்ததை மூத்த மாணவர்கள் அறிவார்கள். பலர் லினக்ஸ் பக்கம் போனதே இல்லை. என் தோழிக்கோ லினக்ஸில்தான் பழக்கம். என் வீட்டில் ஒழுங்காக ஆன அதே கோப்புகள் அவளிடம் ஆகவில்லை. வண்ணங்களை வைத்திருந்த கோப்புக்கு 'கலர்ஸ்' என்று பெயரிட்டிருந்தேன். கோப்பின் பெயரில் முதல் ஆங்கில எழுத்து பெரியது, இறக்குமதி வரியில் அதே எழுத்து சிறியது. விண்டோசுக்கு இரண்டும் ஒன்று. லினக்சுக்கு இரண்டும் வேறு வேறு ஆள்கள்.

அவசரத்தில் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய துணைக் கோப்புகளின் பெயர் அடிக்கோட்டில் தொடங்குவது வழக்கம். 'இதைத் தனியாக ஆக்கவேண்டாம், சேர்ப்பதற்கு மட்டும்' என்பது அதன் குறிப்பு. இறக்குமதி வரியில் அந்த அடிக்கோட்டை எழுதத் தேவையில்லை. நான் பெயரைத் திருத்தாமல், அடிக்கோடு இல்லாமல் சிறிய எழுத்தில் இன்னொரு நகல் எடுத்து வைத்தேன். தோழியின் கணினியில் வேலை நடந்தது. வீட்டுக்கு வந்து விண்டோசில் போட்டால், 'எந்தக் கோப்பைச் சேர்ப்பது என்று தெளிவாக இல்லை' என்று நின்றுவிட்டது. அடிக்கோட்டோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றும் ஆக ஒரே பெயரில் இருவர் இருந்தால் சாஸ் தானாக ஒருவரைத் தேர்ந்தெடுக்காது. நகலை அழித்து, எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தில் மாற்றிய பிறகே இரு கணினிகளிலும் அமைதி நிலவியது.

வழி எழுதுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. சாஸ் தேடத் தொடங்குவது, அந்த இறக்குமதி வரி எந்தக் கோப்பில் இருக்கிறதோ அக்கோப்பு இருக்கும் உறையிலிருந்து. ஆனால் படம், எழுத்துரு முதலியவற்றின் முகவரியை சாஸ் தொடுவதில்லை. அவற்றைப் பிற்பாடு பிரௌசர், ஆக்கி முடித்த சி.எஸ்.எஸ். கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தேடும். ஆக, ஒரே துணைக் கோப்பில் அடுத்தடுத்த இரு வரிகளுக்கு இரண்டு வெவ்வேறு தொடக்க இடங்கள்! எங்கள் பக்கத்துக்காக நான் வைத்த தமிழ் எழுத்துரு இதனால் ஏறவே இல்லை. விண்டோசில் உள்ள நிர்மலா எழுத்துரு அந்த இடத்தை நிரப்பிவிட்டதால் எனக்குத் தெரியவில்லை. தோழியின் திரையில் எழுத்தின் வடிவம் வேறாக இருந்ததைக் கண்டு அவள்தான் சொன்னாள்.

வரிசையும் முக்கியம். பூட்ஸ்டிராப் என்னும் பெயர்பெற்ற தொகுப்பு 2011இல் லெஸ் மொழியில் வெளிவந்து, 2018இல் நான்காம் பதிப்பில் சாஸுக்கு மாறியது. அதில் வண்ணங்களெல்லாம் 'முன்பே யாரும் சொல்லாவிட்டால் இது' என்ற குறியோடு எழுதப்பட்டுள்ளன. எனவே நம் வண்ணத்தை அதற்கு முன்னால் சொல்லவேண்டும். பின்னால் சொன்னால் பொத்தான்கள் நீலமாகவே நிற்கும். பிழைச் செய்தி வராது.

இன்று புதிதாகப் பழகுவோர் இன்னொன்றையும் அறியவேண்டும். ஒரே சொல் இரு எசமானர்களுக்கு ஊழியம் செய்வதன் தொல்லையை சாஸை ஆக்கியோரும் உணர்ந்திருந்தனர். 2019 அக்டோபரில் 'யூஸ்' என்னும் புதுச்சொல்லைக் கொண்டுவந்தனர். 2024 அக்டோபரில் வந்த 1.80 பதிப்பு முதல், சாஸ் தானே செய்யும் பழைய 'இம்போர்ட்' வரிகளுக்கு எச்சரிக்கை வருகிறது. மூன்றாம் பதிப்பில் அதை எடுத்துவிடப்போவதாக அறிவித்துள்ளனர். எச்சரிக்கை மஞ்சள் எழுத்தில் பக்கம் பக்கமாக ஓடுவதைக் கண்டு என்னைப் போல் பயப்படவேண்டாம்; கோப்பு ஆகிவிடும்.

ஆனால் 'இம்போர்ட்' இருந்த இடத்தில் 'யூஸ்' என்று மட்டும் மாற்றினால் 'இப்படி ஒரு மாறி இல்லை' என்ற பிழை உடனே வரும். பழைய முறையில் ஓரிடத்தில் கொண்டுவந்த வண்ணம் எல்லாக் கோப்புக்கும் பொதுச் சொத்து. புதிய முறையில் தேவைப்படும் ஒவ்வொரு கோப்பும் தானே கேட்டு வாங்கவேண்டும். எந்தக் கோப்பின் வண்ணம் என்று வீட்டுப்பெயர் சொல்லி, புள்ளி வைத்து அழைக்கவேண்டும். 'யூஸ்' வரிகள் கோப்பின் தலையிலேயே இருக்கவேண்டும். எத்தனை பேர் கேட்டாலும் கோப்பு ஒருமுறைதான் சேர்க்கப்படும் என்பது பெரிய ஆதாயம். பழைய முறையில் மூன்று முறை கேட்டால் மூன்று முறை ஒட்டிவிடும். கையால் மாற்றச் சலிப்பாக இருந்தால் சாஸ் மைக்ரேட்டர் என்னும் கருவி உண்டு. 'யூஸ்' என்றால் முன்செயலி. 'இம்போர்ட்' என்றால் பிரௌசர் என்று வேலை பிரிந்துவிடும்.

எங்கள் சொற்பக்கத்தை விடுமுறையில் இந்த முறைக்கு மாற்றினேன். கூடவே, வரையறைப் பட்டியலுக்கென்றே உள்ள குறிகளால் சொல்லையும் பொருளையும் எழுதினேன். நடைத்தாளை மட்டும் நம்பி அவற்றைப் பிரித்துவைத்தது, இறக்குமதிக்கும் முந்திய என் தவறு. பிறகு நடைத்தாளை வேண்டுமென்றே நீக்கிவிட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வண்ணம் இல்லை, பட்டை இல்லை. கூனை தனி வரியில் இருந்தது. அதன் பொருள் அதற்கடுத்த வரியில், சற்றுத் தள்ளி.