சனிக்கிழமை மலைகள்

பிரிட்டனில் மாணவர் விசா வைத்திருக்கும் பட்டப்படிப்பு மாணவர்கள், பாடம் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். மிச்சமுள்ள சனி, ஞாயிறில் ஸ்காட்லாந்தின் இந்திய மாணவர்கள் மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். செலவும் குறைவு. 2003-ம் ஆண்டுச் சட்டப்படி மலையோ ஏரிக்கரையோ, பெரும்பாலான இடங்களில் யாரும் இலவசமாக நடக்கலாம்.

3,000 அடியைத் தாண்டிய சிகரங்கள் மட்டும் 282. அவற்றில் உயரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான். இமயத்தைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் குன்று. ஆனால் அங்கே மே மாதத்திலும் பனி கிடக்கும். டிசம்பரில் மாலை நான்குக்கு முன்பே இருட்டிவிடும்.

அதைவிட ஆபத்து, தண்ணீர். கேரி, டம்மல் நதிகள் கூடும் லின் ஆஃப் டம்மல் கொள்ளை அழகு. 2024 ஏப்ரலில், நண்பர்களுடன் அங்கே போன இரண்டு இந்திய மாணவர்கள் நீரில் விழுந்து இறந்தார்கள். நீச்சல் தெரிந்தாலும் பெரிய பலனில்லை. 15 டிகிரிக்கும் குறைவான நீரில் விழுந்ததுமே உடல் தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். உள்ளே போவது தண்ணீர். பதறிக் கைகால் அடிக்காமல், மல்லாந்து மிதந்து முதல் ஓரிரு நிமிடங்களைக் கடப்பதுதான் வழி.

மலையில் மாட்டிக்கொண்டால் 999-ஐ அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். தயங்க வேண்டியதில்லை. வருபவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள்; பில் வராது.