மைசூர் போகிறவர்கள் விட்டுவிடும் ஓவியக்கூடம்

சம்பளம் வாங்கிய முதல் ஞாயிறு என்றால், பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் மைசூர் பயணப் பேச்சு எழும்.

தூரம் சுமார் 139 கிலோமீட்டர். காலையில் சிட்டி நிலையத்தில் ரயில் ஏறினால், மத்தூர் வடையைச் சாப்பிட்டபடியே மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்.

அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் என்று திட்டம் நீளும். முதல் வெட்டு ஜகன்மோகன் அரண்மனை ஓவியக்கூடத்துக்குத்தான்!

வெட்ட வேண்டியது பிருந்தாவனத்தை. அது ஊருக்கு வெளியே சுமார் 20 கிலோமீட்டர். ஓவியக்கூடமோ பெரிய அரண்மனையிலிருந்து நடக்கும் தூரம்.

1861-ல் கட்டிய மாளிகை. 1915 முதல் ஓவியக்கூடம். ராஜா ரவிவர்மாவின் அசல் ஓவியங்களை இங்கே பார்க்கலாம். வீட்டுச் சுவரில் தொங்கும் லட்சுமி, சரஸ்வதி காலண்டர் படங்களுக்கு வழிவகுத்தவர் அவரே. 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, மன்னர்கள் மட்டுமே பார்த்த படங்களைத் தொழிலாளி வீட்டுக்கும் அனுப்பினார்.

ஆனால் கூட்டம் மொய்ப்பது வேறொரு படத்தின் முன்னால். இருட்டில் ஒரு பெண். கையில் விளக்கு. மூடிய விரல்களின் இடுக்கில் செந்நிறமாக வெளிச்சம் கசிகிறது.

"ரவிவர்மா படம்" என்று சொல்லிப் போகிறவர்கள் பலர். இல்லை! வரைந்தவர் சாவந்த்வாடியில் பிறந்த எஸ்.எல். ஹல்தங்கர். விளக்கேந்தி நிற்பவர் அவருடைய மகள். அதுவும் எண்ணெய் வண்ணமல்ல. தண்ணீரில் கரைத்த வண்ணம். அதில்தான் அத்தனை ஒளி!

ஞாயிறு இரவு 7 மணிக்குப் பெரிய அரண்மனை முழுவதும் விளக்கு எரியும். அதையும் பார்க்க நிற்பவர்கள், திரும்பும் ரயிலின் நேரத்தைக் காலையிலேயே விசாரித்து வைப்பது நல்லது. மறுநாள் முதல் ஷிப்டு உண்டே!